நம் மாவட்டத்தில் விடுபட்ட பறவைகள்: கூடித் தேட ஒரு வழிகாட்டி

எங்கள் மாவட்ட எல்லையில் ஓர் ஏரி உண்டு. கிழக்குக் கரை எங்களுடையது, மேற்குக் கரை அடுத்த மாவட்டத்துக்கு. மேற்குக் கரையில் பேருந்து நிற்கும், டீக்கடை இருக்கிறது, நிழலுக்கு ஆலமரமும் இருக்கிறது. பறவை பார்க்க வருபவர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். கிழக்குக் கரைக்குப் போக வேண்டுமென்றால் சீமைக் கருவேல முள்ளுக்குள் அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். இதனால் பல வருடங்களாக ஊசிவால் வாத்து அடுத்த மாவட்டத்தின் பட்டியலில் இருந்தது, எங்கள் பட்டியலில் இல்லை. வாத்து என்னவோ ஏரி முழுக்கத்தான் நீந்திக்கொண்டிருந்தது.

ஒரு மாவட்டத்தின் பறவைப் பட்டியலில் உள்ள ஓட்டைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஆள் போகாத இடம், ஆள் போகாத நேரம், ஆள் போகாத மாதம். அந்த மூன்றையும் கண்டுபிடித்து நாலைந்து பேர் பிரித்துக்கொண்டு போனால், விலை உயர்ந்த கேமரா இல்லாமலே நிறைய அடைக்கலாம். அதை எப்படிச் செய்வது என்பதைப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன். காகம், மைனா, கொக்கு, நீர்க்காகம் போன்ற சாதாரணப் பறவைகளில் ஓர் ஐம்பதையாவது நீங்கள் அடையாளம் காண்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டாலும் வாருங்கள், ஆனால் முதல் ஆறு மாதம் அந்த ஐம்பதுக்கே செலவாகட்டும்.

முதலில் பட்டியல்

இந்த வேலைக்கு இன்று மிக வசதியான இடம் ஈபேர்ட், பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பட்டியலாகப் பதியும் இணையதளம். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் அமெரிக்காவில் தொடங்கியது. இந்தியத் தரவை மாவட்ட வாரியாகப் பிரித்துக் காட்டும். இலவசம். உள்ளே போய் மாவட்டத்தின் பெயரைக் கொடுத்தால் இதுவரை அங்கே பதிவான வகைகள் அத்தனையும் வரும். பார் சார்ட் என்ற பக்கத்தையும் பாருங்கள். ஒவ்வொரு மாதத்தையும் நான்காகப் பிரித்து, எந்த வாரத்தில் எந்தப் பறவை எவ்வளவு தென்பட்டது என்று கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். சில மாதங்களில் ஏறக்குறைய எல்லாப் பறவைக்கும் கோடு மெலிந்து, அல்லது காணாமலே போயிருக்கும். அந்த மாதங்களில் பறவையெல்லாம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போகவில்லை, நாம்தான் வெயிலுக்குப் பயந்து வீட்டில் இருந்திருக்கிறோம். பெரும்பாலும் அது ஏப்ரல் முதல் ஜூன் வரை.

அடுத்து, சுற்றியுள்ள மாவட்டங்களின் பட்டியல்களையும் எடுத்து எக்செல் தாளில் பக்கம் பக்கமாக ஒட்டுங்கள். நம்மிடம் இல்லாத ஒவ்வொரு பறவைக்கும் நேராக, அது எத்தனை அண்டை மாவட்டங்களில் இருக்கிறது என்ற எண்ணைப் போடுங்கள். ஐந்து அண்டை மாவட்டம் இருந்து ஐந்திலும் இருக்கும் பறவை நம்மிடம் மட்டும் இல்லையென்றால், அதுதான் முதல் வரிசை. இந்த ஒரு தாளைத் தயாரிக்க ஒரு மாலை போதும். ஆனால் அடுத்த இரண்டு வருட அலைச்சலுக்கு அதுதான் வழிகாட்டும்.

ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 2019, 2020-இல் மாவட்டங்கள் நிறையப் பிரிந்தன. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி, வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், திருநெல்வேலியிலிருந்து தென்காசி, காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு, நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை. இப்போது மொத்தம் 38. பாகப்பிரிவினையில் சொத்து சமமாகப் போகாது இல்லையா, அதுபோலத்தான். கோடியக்கரை நாகப்பட்டினத்தோடு நின்றுவிட்டது. மயிலாடுதுறைக்குத் தரங்கம்பாடியும் பூம்புகாரும் கொள்ளிடம் முகத்துவாரமும். கழுவேலி விழுப்புரத்தோடு, கள்ளக்குறிச்சிக்குக் கல்வராயன் மலை. ஆகவே நீங்கள் பார்க்கும் பட்டியல் எந்த எல்லையை வைத்துப் போட்டது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். புது மாவட்டக்காரர்களுக்கு ஒரு ஆறுதலும் உண்டு: உங்களுக்குத்தான் ஓட்டை அதிகம், அதாவது முதல் பதிவு போடும் வாய்ப்பும் அதிகம்.

மூன்று குவியல்

விடுபட்டவற்றை மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், இருந்தே ஆக வேண்டியவை. அண்டை மாவட்டங்களில் பரவலாக இருக்கின்றன, நம்மிடமும் அதே நிலம், அதே நீர் இருக்கிறது. இரண்டாவது, வந்தால் வரும் என்ற வகை: வலசையில் ஓரிரு நாள் இறங்கிப் போகிறவை, புயலில் ஒதுங்குகிறவை. மூன்றாவது, ஒருகாலத்தில் இருந்து இப்போது போய்விட்டவை. சமவெளிகளில் பிணந்தின்னிக் கழுகுகள் சாதாரணமாக இருந்தன. கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்து அழித்துவிட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தபோது பெரும்பாலான ஊர்களில் அவை இல்லை. கானமயிலும் ஒருகாலத்தில் தமிழகத்தில் இருந்ததுதான்.

உழைப்பில் முக்கால் பங்கை முதல் குவியலில் போடுங்கள். புதியவர்கள் எல்லோருக்கும் இரண்டாவது குவியல் மேல்தான் கண். அபூர்வப் பறவை, அதைப் படம் எடுத்தால் பெயர் வரும். ஆனால் அது வருவது நம் கையில் இல்லை. மூன்றாவது குவியலை வயல்வெளியில் தேடாதீர்கள், நூலகத்தில் தேடுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழ் 1886 முதல் வருகிறது. அந்தக் காலத்து அதிகாரிகளும் வேட்டைக்காரர்களும் எழுதிய குறிப்புகள் அதில் கிடக்கின்றன. வயதாகிவிட்டது, வெயிலில் நடக்க முடியாது என்று சொல்லும் உறுப்பினர் ஒருவர் குழுவில் இருப்பார். அந்த வேலையை அவரிடம் கொடுங்கள், பிரமாதமாகச் செய்வார்.

ஓட்டைகள் எங்கே இருக்கும்

இங்கேதான் சற்று நின்று பேச வேண்டும்.

முதலாவது, இரவு. நாம் காலை ஆறு மணிக்குப் போய் ஒன்பதரைக்கு இட்லி சாப்பிடத் திரும்புகிற கூட்டம். அதனால் பட்டியலில் பக்கிகள் என்ற இரவுப் பறவைகளும் ஆந்தைகளும் எப்போதும் குறையும். பக்கியைக் கண்ணால் தேடுவதை விடக் காதால் தேடுவது எளிது. இந்தியப் பக்கியின் குரலை ஒரு முறை கேட்டால் மறக்காது: சிமெண்ட் தரையில் கோலிக்குண்டைப் போட்டால் முதலில் நிதானமாகவும் பிறகு வேகவேகமாகவும் துள்ளி அடங்குமே, அதே தாளம். காட்டுப் பக்கி அப்படி அடங்காது. ஒரே சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும். மார்ச் முதல் ஜூன் வரை, அந்தி மயங்கி அரை மணி நேரத்திலிருந்து, ஊருக்கு வெளியே கரடோ மேய்ச்சல் காடோ உள்ள மண் பாதையில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். அப்புறம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பத்து நிமிடம். ஒரே இரவில் பக்கி, கண்கிலேடி, கொம்பன் ஆந்தை என்று மூன்று நான்கு பெயர் கிடைக்கலாம். பாம்புக்கு டார்ச், கால்களுக்கு ஷூ, ஊர்க்காரர்களுக்கு முன்கூட்டியே ஒரு தகவல். கடைசிதான் மிக முக்கியம். இரவில் பைனாகுலரோடு நிற்கும் அந்நியர்களை ஆடு திருட வந்தவர்கள் என்று நினைத்தால் அவர்கள் மேல் தப்பில்லை.

இரண்டாவது, வறண்ட நிலம். பறவை என்றதும் ஏரிக்குப் போவது நம் வழக்கம். புல்தரை, கல்லாங்குத்து, மானாவாரிக் காடு, தேரி மணல், கரடு இங்கெல்லாம் யார் போகிறார்கள்? வானம்பாடிகள், கல்கௌதாரி, காடை வகைகள், பனிக்காலத்தில் பூனைப்பருந்துகள் எல்லாம் அங்கேதான். அரசுக் கணக்கில் தரிசு என்று எழுதியிருக்கும் இடத்தைத்தான் முதலில் பாருங்கள். சோலார் தகடும் மனைப்பிரிவும் வருவதற்குள் அங்கே என்ன இருந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பேர் வாங்காத மலைகள். வால்பாறைக்கும் ஊட்டிக்கும் மாநிலம் முழுக்க இருந்து ஆள் போகிறது. பச்சைமலை, கல்வராயன், ஜவ்வாது போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கு அந்த மாவட்டத்துக்காரர்களே போவதில்லை. சமவெளி மாவட்டத்துக்கு ஒரு மலை இருக்கிறது என்றால் அது வரப்பிரசாதம். அடிவாரம், நடு, உச்சி என்று மூன்றாகப் பிரித்து நான்கு பருவத்திலும் ஏறுங்கள்.

நான்காவது, காலம். கடற்கரை மாவட்டங்களில் உள்ளான்கள் ஜூலை கடைசியிலேயே இறங்க ஆரம்பித்துவிடும். நாம் ஜனவரியில் போய்ப் பார்க்கிறோம். செப்டம்பர், அக்டோபரில் கடந்து போகும் பறவைகளுக்கு நம் ஊர் வெறும் வழியோரச் சத்திரம். ஆறுமணிக்குருவி தெற்கே வரும்போது இரவில் பறந்து, களைத்துப்போய் வீட்டுக் கூடத்திலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் விழும். பக்கத்து வீட்டுப் பாட்டி "ஏதோ கலர் குருவி விழுந்து கெடக்கு" என்று சொன்னால் உடனே ஓடுங்கள், அது உங்கள் மாவட்டத்தின் முதல் பதிவாகக்கூட இருக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நடுக்கடல் பறவைகள் கரையோரம் வரும், சில செத்தும் ஒதுங்கும். செத்த பறவையும் பதிவுதான், படம் எடுங்கள், வெறும் கையால் தொடாதீர்கள். புயல் கரை கடந்த மறுநாள் காலையில், எல்லோரும் மின்சாரம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, பாதை பாதுகாப்பாக இருந்தால் ஒருவராவது பக்கத்து அணைக்குப் போய் வாருங்கள். கடல் ஆலாக்கள் நூறு கிலோமீட்டர் உள்ளே வந்து நிற்கும் நாள் அது ஒன்றுதான்.

ஐந்தாவது, ஒரே மாதிரி இருப்பவை. இவை உண்மையில் விடுபட்டவையே அல்ல, கண்ணெதிரே வேறு பெயரில் நிற்பவை. வயலில் உள்ள நெட்டைக்காலி என்ற சிறு பறவைகள் எல்லாவற்றையும் வயல் நெட்டைக்காலி என்றே எழுதிவிடுகிறோம். அதில் ஒன்று பெரிதாக, நிமிர்ந்து நின்று, எழும்போது கரகரவென்று உரக்கக் கத்தியதா? மறுபடி பாருங்கள். விசிறிவால் உள்ளானுக்குப் பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் தெளிவான வெள்ளைக் கோடு தெரியும், ஊசிவால் உள்ளானுக்கு அப்படித் தெரியாது. இதை நிற்கும் பறவையில் தேடிப் பயனில்லை. போதாக்குறைக்கு அறிவியலாளர்கள் வேறு ஒன்றை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். மங்கோலியப் பட்டாணி உப்புக்கொத்தி என்று நாம் ஒன்றாக எழுதிவந்தது இப்போது சைபீரியம், திபெத்தியம் என்று இரண்டு. பெயர் பிரிந்த அன்றைக்கு நம் பட்டியலில் புதிதாக ஓர் ஓட்டை விழுந்தது. பழைய படங்களைத் தோண்டி எடுக்க இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

ஆள் சேர்ப்பதும் பிரித்துக் கொடுப்பதும்

ஐந்து பேர் போதும். இருபது பேர் சேர்ந்தால் வாட்ஸப்பில் காலை வணக்கப் படங்கள்தான் அதிகமாகும்.

எப்படிப் பிரிப்பது என்பதற்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கேரளத்தில் 2015 முதல் 2020 வரை பறவை நிலப்பட வேலை, அதாவது எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று வரைபடமாகத் தொகுக்கும் வேலை, நடந்தது. மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்குப் போவது என்பதைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், ஏறக்குறைய 4,000 கட்டங்கள், வருடத்துக்கு இரண்டு பருவம், ஒவ்வொரு கட்டத்திலும் கால் மணி நேரப் பட்டியல்கள். முடிவில் 361 வகைகள், சுமார் மூன்று லட்சம் பதிவுகள். இதில் நான் ரசிப்பது எண்ணிக்கையை அல்ல, அந்தக் குலுக்கலை. விருப்பப்பட்ட இடத்துக்குப் போ என்றால் எல்லோரும் ஆலமர நிழலுக்குத்தான் போவார்கள். ரப்பர் தோட்டத்தின் நடுவில் உனக்குக் கட்டம் விழுந்தது என்றால் போய்த்தான் ஆக வேண்டும்.

ஐந்து பேருக்கு அவ்வளவு பெரிய திட்டம் தேவையில்லை. மாவட்ட வரைபடத்தில் ஈபேர்ட் ஹாட்ஸ்பாட் புள்ளிகளை, அதாவது பலரும் போய்ப் பறவை பார்க்கும் இடங்களின் குறிகளைப் பாருங்கள், புள்ளியே இல்லாத பகுதிகளை வட்டமிடுங்கள். தாலுகாவுக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுங்கள். அவரவர் சொந்த ஊர், மாமனார் ஊர், வேலைக்குப் போகும் வழி இவற்றை வைத்துப் பிரித்தால் பெட்ரோல் செலவு மிச்சம். மாதம் ஒரு முறை எல்லோரும் ஒரே வெற்றுப் பகுதிக்குச் சேர்ந்து போங்கள். ஒருவர் மட்டும் அந்த எக்செல் தாளுக்குப் பொறுப்பு. இரண்டு பேர் கை வைத்தால் கெட்டது. பொங்கல் விடுமுறையில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பு ஆகியவற்றை வெற்றுப் பகுதிகளுக்குப் போகும் சாக்காக வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு வெளியூரிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளும் கூட வருவார்கள்.

களத்தில்

பட்டியல் எழுதும்போது ஒரே விதிதான்: அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதுங்கள். காகத்தையும் விடாதீர்கள். தேடிப்போனது கல்கௌதாரி, அது கிடைக்கவில்லை, ஆகவே பட்டியல் வேண்டாம் என்று வந்துவிடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. எல்லாப் பறவையும் எழுதிய முழுப் பட்டியலில் கல்கௌதாரி இல்லை என்றால்தான், அன்று அந்த இடத்தில் தேடியும் கிடைக்கவில்லை என்று பிறகு படிப்பவருக்குப் புரியும். இப்படி முப்பது முழுப் பட்டியல் சேர்ந்த பிறகு "இங்கே இல்லை போலிருக்கிறது" என்று சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

ஒரு பட்டியலுக்குப் பதினைந்து நிமிடம் நல்ல அளவு. எண்ணிக்கை தெரிந்தவரை எழுதுங்கள். நூற்றுக்கணக்கான சூறைக்குருவி பறந்தால் பத்துப் பத்தாக எண்ணிப் பெருக்குங்கள். நடந்துகொண்டே எழுதினால் தூரம் குறைவாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், மாவட்ட எல்லையைத் தாண்டும் இடத்தில் பட்டியலை முடித்துப் புதிதாகத் தொடங்குங்கள். எனக்கு நடந்தது: ஒரு பூனைப்பருந்துக்காக இரண்டு மாதம் அலைந்து, கடைசியில் எங்கள் பக்கத்திலேயே பார்த்தேன். ஆனால் பட்டியலைத் தொடங்கியது எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள டீக்கடையில். இடக்குறி அங்கே விழுந்து, பறவை அடுத்த மாவட்டக் கணக்கில் ஏறிவிட்டது. பட்டியலைப் பிரித்துத் திருத்தலாம்தான், திருத்தினேன். ஆனால் நண்பர்கள் இன்னும் அந்தப் பருந்துக்கு டீக்கடைப் பருந்து என்றுதான் பேர் சொல்கிறார்கள்.

கிராமத்துப் பெரியவர்களிடம் பேசுங்கள். 1900-க்குப் பிறகு யாரும் பார்க்காத ஜெர்டான் கோர்சர் என்ற இரவுப் பறவை, 1986 ஜனவரியில் ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில் மறுபடி கிடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் தேடிக்கொண்டிருந்தார்கள்; பறவையைக் கொண்டுவந்து காட்டியது உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர். முள்காடு, இரவு, உள்ளூர் ஆள்: 86 வருடப் புதிர் இந்த மூன்றில் அவிழ்ந்தது. கிடை போடுகிறவரும் இரவு நீர் பாய்ச்சுகிறவரும் நம்மைவிட அதிக நேரம் வெளியில் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம். "இந்தப் பறவை இருக்கா?" என்று படத்தைக் காட்டிக் கேட்காதீர்கள், மரியாதைக்காகவே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். "ராத்திரியில என்னென்ன சத்தம் கேக்கும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் அவர்களே குரல் கொடுத்துக் காட்டுவார்கள்.

ஆதாரம்

மாவட்டத்துக்குப் புதிய பறவை என்று சந்தேகம் வந்த அந்த நொடியில் செய்ய வேண்டியவை: முதலில் எப்படியாவது ஒரு படம். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, நூறு மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளியாக இருந்தாலும் எடுங்கள். நெருங்கிப் போவது அப்புறம். நெருங்கும்போது பறவை எழும், எழும்போது சிறகையும் வாலையும் பிடியுங்கள். உள்ளான், பருந்து, வானம்பாடி எதுவானாலும் பாதி அடையாளம் சிறகு விரியும்போதுதான் தெரியும். கேமரா இல்லையா, போனில் குரலைப் பதியுங்கள்; பதியும்போது "அதோ அதோ" என்று கத்தாமல் இருந்தால் போதும். பைனாகுலர் வழியே போனை வைத்து எடுத்த படங்கள் பல முதல் பதிவுகளைக் காப்பாற்றியிருக்கின்றன.

அதன் பிறகு, புத்தகத்தைத் திறப்பதற்கு முன், பார்த்ததை எழுதுங்கள். அளவு எதை ஒத்திருந்தது, அலகு எப்படி, கால் நிறம், சிறகுக் கோடு, என்ன செய்துகொண்டிருந்தது. புத்தகம் திறந்த பிறகு நம் நினைவு புத்தகத்துக்கு ஒத்துப்போய்விடும், பார்க்காததைக்கூடப் பார்த்ததாகச் சத்தியம் செய்வோம். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும்போதும் இதே எச்சரிக்கைதான். அது சொல்வது ஒரு துப்பு. துப்பைப் பிடித்துக்கொண்டு பறவையை நீங்களே பார்க்க வேண்டும், அல்லது குரலை நீங்களே உறுதி செய்ய வேண்டும். செயலி சொன்னது என்பதற்காக மட்டும் பட்டியலில் ஏற்றியவற்றால் பல மாவட்டங்களில் துப்புரவு வேலை நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு தவறான பதிவு அப்படி என்ன கெடுத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. மத்திய இந்தியாவில் காட்டுச் சிறு ஆந்தை ஒன்று உண்டு. 1884-க்குப் பிறகு கிடைக்கவே இல்லை. ஆனால் 1914-இல் குஜராத்தில் பிடித்தது என்று ரிச்சர்ட் மைனர்ட்ஷாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் சேகரிப்பில் பாடம் செய்த மாதிரிப் பறவை ஒன்று இருந்தது. அதை நம்பியும் தேடினார்கள். பிறகு பமீலா ராஸ்முசென் என்ற பறவையியலாளர் அந்த மாதிரியை ஆராய்ந்தபோது, வேறொருவர் 1880-களில் சேகரித்ததைத் திருடி, புதுச் சீட்டு ஒட்டியது என்று தெரிந்தது. பொய்ச் சீட்டைத் தள்ளிவிட்டு நம்பகமான பழைய இடங்களைப் பின்பற்றிப் போனபோது, 1997-இல் மகாராஷ்டிரத்தில் ஆந்தை உயிரோடு உட்கார்ந்திருந்தது. நாம் யாரும் மைனர்ட்ஷாகன் இல்லை. ஆனால் ஆர்வக்கோளாறில் போடும் ஒரு வரியும் அடுத்து வருபவரை அதே மாதிரி தப்பான காட்டுக்கு அனுப்பும்.

கேள்வி வந்தால்

ஈபேர்டில் ஒவ்வொரு பகுதிக்கும் மாதத்துக்கும் இந்தப் பறவை இவ்வளவு எண்ணிக்கை வரை இயல்பு என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அதைத் தாண்டினால் பதிவு நிற்கும், விவரம் கேட்கும். அதன் பின்னால் இருப்பது சம்பளம் இல்லாமல் வேலை செய்யும் தன்னார்வ மதிப்பாய்வாளர். மின்னஞ்சல் வந்ததும் "என்னையே சந்தேகப்படுகிறாயா" என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. அரை மணி நேரம் பதில் எழுதி, அனுப்புவதற்கு முன் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. நான் பார்த்தது சாதாரண வைரியின் இளம் பறவை. எழுதியதை அழித்துவிட்டு நன்றி என்று ஒரு வரி அனுப்பினேன்.

பார்த்தது உறுதி, ஆதாரம் இல்லை என்றால் பதிவை அப்படியே விட்டுவிடுங்கள். அது பொதுப் பட்டியலில் தெரியாது, உங்கள் கணக்கில் இருக்கும். பறவை அங்கே உண்மையில் இருந்தால் அடுத்த வருடமும் இருக்கும், இந்த முறை இரண்டு பேராகப் போங்கள். பேசித் தீர்க்கும் விஷயமில்லை இது.

செய்யக் கூடாதவை

கூட்டை நெருங்காதீர்கள், கூட்டுப் படத்தைப் போடாதீர்கள். போனில் பறவைக் குரலை ஒலித்து வரவழைப்பது ஆந்தை தேடுபவர்களின் கெட்ட பழக்கம். இனப்பெருக்க காலத்தில் அது பறவையை வீணாக அலைக்கழிக்கும். வேண்டாம், பொறுமையாக நின்றால் தானாகவே கூப்பிடும். காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது, தனியார் தோட்டத்தில் வேலிக்கு வெளியிலிருந்தே குரல் கொடுத்துக் கேளுங்கள். வேட்டைக்கோ கூண்டு வியாபாரத்துக்கோ ஆளாகக்கூடிய பறவையின் சரியான இடத்தை வாட்ஸப்பில் போடாதீர்கள். சில பறவைகளின் இடத்தை ஈபேர்டே மறைத்துவைக்கிறது, நாம் மட்டும் ஏன் அவசரப்பட வேண்டும்.

இந்த வாரம்

சனிக்கிழமை மாலை எக்செல் தாள். அதில் எல்லா அண்டை மாவட்டங்களிலும் இருந்து நம்மிடம் இல்லாத பறவைகளில் முதல் பத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக எந்த நிலம், எந்த மாதம், பகலா இரவா என்று குறியுங்கள். பத்தில் இரண்டு மூன்று இந்த மாதத்துக்கே பொருந்தும். ஞாயிறு காலை அந்த இரண்டுக்காகப் புள்ளியே இல்லாத ஓர் இடத்துக்கு இருவர் போங்கள். நீண்ட கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அங்கேயும் சீமைக் கருவேலம்தான் இருக்கும்.